கம்பத்தைச் சுற்றி வந்த மாப்பிள்ளை

கரட்டுக்குடிக்காரர்களைப் பற்றி வெளியூர்களில் என்னென்னவோ சொல்வார்கள். நான் அப்படியெல்லாம் சொல்ல மாட்டேன். என் பெரிய அத்தையைக் கட்டிக்கொடுத்த ஊர் அது. அங்கே யாரும் யோசிக்காமல் ஒரு காரியத்தில் இறங்கியதே கிடையாது. நாலு பேராக உட்கார்ந்து, வெற்றிலை போட்டு, ஆற அமர யோசித்த பிறகுதான் கெடுப்பார்கள்.

சைக்கிள் விஷயத்திலும் அதுதான் நடந்தது.

அந்த ஊருக்குத் தார் ரோடு வந்ததே ரொம்பப் பிந்தி. அதற்கு முன்னால் பாறையும் முள்ளுமாகக் கிடந்த வழியில் மாட்டுவண்டியே முனகிக்கொண்டுதான் வரும். ஊரில் ஒருத்தரிடமும் சைக்கிள் கிடையாது. வெளியே போனவர்கள் பக்கத்தில் ஏதோ ஒன்று விசுக்கென்று கடந்து போவதைப் பார்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஒருத்தன் சைக்கிளில் ஏறியதிலிருந்து முழுசாக அவர்கள் உட்கார்ந்து பார்த்தது ஒரே ஒரு தடவை. தார் ரோடு போட்ட வருஷம் கண்மாய்ப் பொட்டலில் சாகச வீரர் சூறாவளி சுந்தரபாண்டி வந்து நடத்திய ஏழு நாள் சைக்கிள் ஓட்டம்தான் அது.

பொட்டலுக்கு நடுவில் ஒரு மூங்கில் கம்பம். அதன் உச்சியில் ரேடியோக் குழாய். சுந்தரபாண்டி அந்தக் கம்பத்தை வலமாகச் சுற்றிச் சுற்றி ஏழு நாள் ஓட்டினார். ஓட்டியபடியே பல் விளக்கினார், குளித்தார், முகம் மழித்துக்கொண்டார், முட்டை பரோட்டா சாப்பிட்டார். காலைத் தரையில் ஊன்றவே இல்லை. கூட வந்த ஆள் ஒருத்தர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "இதோ உங்கள் சூறாவளி! உயிரைத் துச்சமாக மதித்து..." என்று தொண்டை கட்டும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். ராத்திரியில் சுந்தரபாண்டி என்ன செய்தார் என்று என்னைக் கேட்காதீர்கள். ஊரே வீட்டுக்குப் போய்த் தூங்கிவிட்டதால் அவரும் தூங்கியிருப்பார் என்பது என் சந்தேகம். கரட்டுக்குடிக்கு அந்தச் சந்தேகம் வரவில்லை.

ஏழாம் நாள் சாயங்காலம் இறங்கப்போகிறார், மாலை போட வேண்டும் என்று ஊரே திரண்டு நின்றபோது பெருமழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஓடினார்கள். மழை விட்டு வந்து பார்த்தால் வீரரும் இல்லை, சைக்கிளும் இல்லை. கம்பம் மட்டும் நின்றது. ஆகவே அவர் எப்படி இறங்கினார் என்பதை ஊரில் ஒருத்தரும் பார்க்கவில்லை.

ஊரில் யோசிக்கிற வேலைக்கு என்றே நாலு பேர் இருந்தார்கள். மூத்தவர் சடையாண்டி. அவர் தொண்டையைச் செருமினால் மாடுகூட அசை போடுவதை நிறுத்தும். அடுத்தது வீரணன், பெரிய குரல், மற்றதெல்லாம் சின்னது. மூன்றாவது மொக்கையன், எதைக் கொடுத்தாலும் தூக்குவான், எதற்கென்று கேட்க மாட்டான். நாலாவது சடையாண்டியின் தங்கை மகன் ஒச்சப்பன். நல்ல பிள்ளை. சொன்னதைச் சொன்னபடியே செய்வான். அவனுடைய கஷ்டமே அதுதான்.

மழை விட்ட அன்றைக்கே சடையாண்டி தீர்ப்புச் சொல்லிவிட்டார். "ஏப்பா, சைக்கிள்னா என்னன்னு இப்பத் தெரிஞ்சு போச்சு. நடுவுல கம்பம் வேணும். அதைச் சுத்தணும். ஏறினா ஏழு நாளைக்குக் கால் தரையில படக் கூடாது. பக்கத்துல ஒருத்தன் சத்தம் போட்டுச் சொல்லிக்கிட்டே இருக்கணும். இதுல எது குறைஞ்சாலும் அது சைக்கிள் இல்லை."

மூணு வருஷம் இந்த ஞானம் யாருக்கும் தேவைப்படவில்லை. அதற்கப்புறம் ஒச்சப்பனுக்குப் பஞ்சவர்ணத்தின் மேல் ஆசை வந்தது.

ஒச்சப்பன் தினமும் காலையில் பால் கேனைத் தலையில் வைத்துக்கொண்டு கூட்டுரோட்டுப் பால் சொசைட்டிக்கு நடப்பான். அங்கே பால் அளக்கிறவள் பஞ்சவர்ணம். நுரை அடங்கும்வரை பொறுத்திருந்து அளப்பாள்; ஒரு சொட்டு கூடவும் விடமாட்டாள், குறையவும் விடமாட்டாள். அவளுடைய சைக்கிள் வேப்பமரத்தடியில் ஸ்டாண்டு போட்டு நிற்கும். ஒரு நாள் ஒச்சப்பனைப் பார்த்து, "உங்க பாலுல தண்ணியே இல்லையே, மறந்துட்டீங்களா?" என்று கேட்டுச் சிரித்தாள். அன்றோடு பையன் காலி. வீட்டுக்கு வந்து, "மாமா, அந்தப் பொண்ணு இல்லைன்னா எனக்குச் சோறும் வேணாம், மாடும் வேணாம்" என்று சொல்லிவிட்டுக் குப்புறப் படுத்துக்கொண்டான்.

சடையாண்டி வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு ஆறு கிலோமீட்டர் நடந்து நெடுவயலுக்குப் பெண் கேட்கப் போனார். பஞ்சவர்ணத்தின் அப்பா ராக்கப்பன், போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷம் முச்சந்தியில் நின்று சைக்கிள்காரர்களைப் பிடித்தவர். வேலை போனாலும் விசில் அவர் கழுத்தை விட்டுப் போகவில்லை.

"மாப்பிள்ளைக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியுமா?" என்பதுதான் ஏட்டையா கேட்ட முதல் கேள்வி.

"இன்னும் இல்லைங்க."

"எம்பொண்ணு தினம் பத்து கிலோமீட்டர் சைக்கிள் மிதிக்கிறவ. சைக்கிள் தெரியாதவனுக்கு அவளைக் குடுக்கறதா இல்லை. அவளுக்கும் உங்க பையனைப் பிடிச்சிருக்காம், அதனால ஒரு வழி சொல்றேன். வைகாசி கடைசி வெள்ளிக்கிழமை ஒன்பதுலேர்ந்து பத்தரைக்குள்ள முகூர்த்தம். மாப்பிள்ளை உங்க ஊர்லேர்ந்து என் வாசல் வரைக்கும் சைக்கிள்ல வரணும். சாலை விதி ஒண்ணுகூட மீறக் கூடாது. பத்தரை தாண்டினா ராகு காலம். அப்புறம் என் அக்கா மகன் துரைசிங்கம் கையில பொண்ணைப் பிடிச்சுக் குடுத்துருவேன். அவன்கிட்ட மொபெட்டே இருக்கு."

"விதி என்னென்னன்னு சொல்லிட்டீங்கன்னா..."

ஏட்டையா முகம் மலர்ந்தது. கல்யாணப் பேச்சில் அவர் எதிர்பார்த்த இடம் அதுதான். "ரோட்டுக்கு இடது பக்கமா வரணும். திரும்பறதுக்கு முன்னாடி எந்தப் பக்கம் திரும்பறோமோ அந்தக் கையை நீட்டணும். ஆளைக் கண்டா மணி அடிக்கணும். டபுள்ஸ் கூடவே கூடாது. விளக்கில்லாம சைக்கிள் எடுக்கவே கூடாது."

ஐந்தையும் ஐந்து விரலில் மடக்கிக்கொண்டார் சடையாண்டி. மறந்துவிடுமோ என்று வீடு வந்து சேரும்வரை கையை விரிக்கவே இல்லை.

டவுனில் பழைய சைக்கிள் ஒன்று வாங்கி மாட்டுவண்டியில் ஏற்றி வந்தார்கள். ஓட்டி வந்தால் ஏழு நாள் கணக்கு வழியிலேயே தொடங்கிவிடுமே! ஒரு மாதம் ஒச்சப்பன் பழகினான். இரண்டு பக்கமும் ஆள் பிடிக்க, கண்மாய்ப் பொட்டலில் அந்தக் கம்பத்தைச் சுற்றியே பழகினான். விழுந்தான், எழுந்தான், முட்டியில் தோல் போனது. இந்தப் பழக்கம் ஏழு நாளில் சேருமா என்று மொக்கையன் சந்தேகம் கேட்டான். வீரணன் வாயைத் திறக்காதவரைக்கும் அது கணக்கில் வராது என்று சடையாண்டி விளக்கினார்.

பிறகு பெரிய யோசனை வந்தது.

"முகூர்த்தம் வெள்ளிக்கிழமை. ஏறினா ஏழு நாள் இறங்கக் கூடாது. அன்னிக்குக் காலையில ஏறினா அடுத்த வெள்ளிக்கிழமைதான் இறங்க முடியும். தாலி யாரு கட்டறது?" என்றார் சடையாண்டி.

"துரைசிங்கம் கட்டிருவான்ணே" என்றான் மொக்கையன். ஒச்சப்பன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"சும்மா இருப்பா. முந்தின வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஏத்திருவோம். கல்யாணத்தன்னிக்குப் பத்து மணிக்குச் சரியா ஏழு நாள் முடியுது. ராகு காலத்துக்கு அரை மணி மிச்சம்."

இப்படிப்பட்ட மூளை வேறு எந்த ஊரில் இருக்கிறது, சொல்லுங்கள்.

முந்தின வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஒச்சப்பனைச் சைக்கிளில் ஏற்றினார்கள். மைக் கிடைக்கவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றுகிற பெரிய தகரப் புனலை வாயில் வைத்துக்கொண்டு வீரணன் ஆரம்பித்தான். "இதோ நமது ஒச்சப்பன்! உயிரைத் துச்சமாக மதித்து..." அதற்கு மேல் அவனுக்கு ஞாபகம் இல்லை. ஏழு நாளும் அதையே சொன்னான்.

ஒச்சப்பன் ஓட்டியபடியே கம்பங்கூழ் குடித்தான். ஓட்டியபடியே குளித்தான், சோப்பு கண்ணில் பட்டபோது மட்டும் வட்டம் கொஞ்சம் கோழிமுட்டை மாதிரி ஆனது. தூக்கம் வந்தால் மூணு பேரும் முறை வைத்துச் சைக்கிளைப் பிடித்துக்கொள்வார்கள்; அவன் ஹாண்டில் மேல் தலையை வைத்துக்கொள்வான். நலங்கு வைக்க வந்த பெண்கள் வட்டத்தின் ஓரமாக வரிசையில் நின்று, அவன் கடந்து போகிற நேரம் பார்த்து மஞ்சளை வீசினார்கள். முக்கால்வாசி மொக்கையன் மேல் விழுந்தது. கல்யாணக் களை அவனுக்குத்தான் முதலில் வந்தது.

வியாழக்கிழமைதான் மொக்கையன் ஒன்று கேட்டான். அவன் கேள்வி கேட்பதே அபூர்வம் என்பதால் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏண்ணே, இவன் இங்கனயே சுத்திக்கிட்டு இருந்தா நெடுவயலுக்கு எப்பப் போவான்?"

பதில் வருவதற்குள் ஒச்சப்பன் மூணு சுற்று முடித்துவிட்டான்.

"சைக்கிள் சுத்தத்தான் செய்யும், போகாது" என்றான் வீரணன், புனலை இறக்கிவிட்டு.

"மாமா, எதாவது பண்ணுங்க" என்று ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு சொல்லாகச் சொல்லி முடித்தான் ஒச்சப்பன்.

சடையாண்டி வெற்றிலையை மென்று துப்பிவிட்டு எழுந்தார். கம்பத்தை ஒரு தட்டுத் தட்டினார். "சைக்கிள் எதைச் சுத்துது?"

"கம்பத்தை."

"கம்பம் நெடுவயலுக்குப் போனா?"

மூணு பேரும் அவரை வாயைப் பிளந்து பார்த்தார்கள்.

வெள்ளிக்கிழமை பொழுது விடிந்ததும் மொக்கையன் கம்பத்தைப் பிடுங்கி மார்போடு நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு தார் ரோட்டில் நடந்தான். அவனைச் சுற்றி ஒச்சப்பன். வட்டத்துக்கு வெளியே சடையாண்டி, சட்டைப் பையில் கடிகாரம். பின்னால் புனலோடு வீரணன். மொக்கையன் ஒரு அடி வைத்தால் வட்டமும் ஒரு அடி முன்னேறும். வானத்திலிருந்து பார்க்கிற பருந்துக்கு என்ன தோன்றியிருக்கும் என்று நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு.

விதிகள் ஒன்றுவிடாமல் நடந்தன. வலமாகச் சுற்றுவதால் ஒச்சப்பன் எந்நேரமும் வலது பக்கம் திரும்பிக்கொண்டே இருந்தான். ஆகவே வலது கையை மடக்கவே இல்லை. கை ஓய்ந்து தொங்கக் கூடாது என்று ஒரு மூங்கில் சிம்பை வைத்துக் கட்டிவிட்டிருந்தார்கள். ஆளைக் கண்டால் மணி அடிக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் மொக்கையனைக் கண்டான், சடையாண்டியைக் கண்டான், வீரணனைக் கண்டான். ஆகவே இடது கை மணியை விட்டு எடுக்கவே இல்லை. ஹாண்டிலில் ஒரு அரிக்கேன் விளக்கு, வெயிலில், எரிந்துகொண்டிருந்தது.

வழிக்கு என்று வாங்கிய கடலைப் பொட்டலத்தைக் கேரியரில் சொருகியிருந்தார்கள். அதைப் பார்த்து ஒரு காக்கா வந்து கேரியரில் உட்கார்ந்துகொண்டது.

"டபுள்ஸ்!" என்று அலறினார் சடையாண்டி.

"ஏய், இறங்கு! கல்யாணத்துக்குப் போறோம்!" என்று வீரணன் புனலில் கத்தினான். காக்கா கடலையைக் கொத்திக்கொண்டே இரண்டு சுற்றுப் போனது. கடைசியில் சடையாண்டி மொத்தப் பொட்டலத்தையும் எடுத்து ரோட்டில் எறிந்த பிறகுதான் இறங்கியது. இரண்டு சுற்று டபுள்ஸ் போனதை ஏட்டையாவிடம் சொல்வதா வேண்டாமா என்று கொஞ்ச தூரம் பேசினார்கள். காக்காவுக்குத் தனியாகப் பறக்கத் தெரியும் என்பதால் அது பயணி ஆகாது என்று முடிவானது.

இரண்டாவது கிலோமீட்டரில் எதிரே பஸ் வந்தது. டிரைவர், நீட்டியிருந்த கையைப் பார்த்தார். சரி, வலது பக்கம் திரும்புகிறான், திரும்பட்டும் என்று பஸ்ஸை நிறுத்தினார். ஒச்சப்பன் திரும்பினான். திரும்பி வந்து மறுபடி பஸ்ஸுக்கு முன்னால் கையை நீட்டினான். டிரைவர் மறுபடி காத்திருந்தார். ஐந்தாவது தடவை தலையை வெளியே நீட்டினார்.

"யோவ்! வலது பக்கம் திரும்பறேன்னு கை காட்டறே, திரும்பித் தொலையேன்யா!"

"திரும்பிக்கிட்டேதாண்ணே இருக்கேன்!" என்றான் ஒச்சப்பன். அழுகிற மாதிரி இருந்தது.

பஸ்ஸில் இருந்தவர்கள் ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பழக்கூடை வைத்திருந்த ஒரு அம்மா இறங்கி வந்து, நீட்டிய கையில் பக்தியோடு ஒரு வாழைப்பழத்தை வைத்தார். டிரைவருக்கு மட்டும் பக்தி வரவில்லை. "ஏய்யா, பாதி வட்டம் எனக்கு எதிர்ல வருது! ரோட்டுக்கு இடது பக்கமா போங்கய்யா!" என்று கத்தினார்.

சடையாண்டிக்குத் தூக்கிவாரிப் போட்டது. இடது பக்கம்! முதல் விதியே அதுதானே! இவ்வளவு தூரமும் வட்டத்தில் பாதி ரோட்டுக்கு வலது பக்கத்தில்தான் ஓடியிருக்கிறது.

"மொக்கையா! கம்பத்தை இடது பக்கமாத் தள்ளிக்கிட்டுப் போ. முழு வட்டமும் இடது பக்கம் வரணும்!"

மொக்கையன் ஏன் என்று கேட்காமல் ரோட்டை விட்டு இறங்கினான். அதிலிருந்து முழு வட்டமும் இடது பக்கம்தான் நடந்தது. கத்திரித் தோட்டத்துக்குள் நடந்தது, காய்ந்த வரப்பில் நடந்தது, இலந்தை முள்ளில் நடந்தது. புதுத் தார் ரோடு வலப்பக்கத்தில் சும்மா கிடந்தது.

எட்டரை மணிக்கு ஒரு வாய்க்கால் குறுக்கே வந்தது. மொக்கையன் தாண்டினான். ஒச்சப்பன் தாண்டவில்லை. சைக்கிள் ஒரு பக்கம் போக, மாப்பிள்ளை ஒரு பக்கம் சேற்றில் போய் விழுந்தான்.

"போச்சு!" என்று தலையில் கை வைத்துக்கொண்டான் வீரணன். "தரையில பட்டாச்சு. ஏழு நாளும் போச்சு. இனி முதல்லேர்ந்து."

ஒச்சப்பன் சேற்றில் கிடந்தபடியே விம்மினான். துரைசிங்கத்தின் மொபெட் சத்தம் அவன் காதில் கேட்டிருக்க வேண்டும். சடையாண்டி குனிந்து அவனைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். தலை சேற்றில் இருந்தது. முதுகு சேற்றில் இருந்தது. கால் இரண்டும் வாய்க்கால் கரையில் மோதி வானத்தைப் பார்த்து நின்றன.

"கால் தரையில பட்டுச்சா?"

"இல்லை மாமா."

"ஒழுங்கு என்ன? கால் படக் கூடாது. முதுகு படக் கூடாதுன்னு எங்கயாவது இருக்கா? மொக்கையா, காலைக் கீழ விடாம இவனை அப்படியே தூக்கு."

காலை மேலே பிடித்தபடியே தூக்கி, துடைத்து, சைக்கிளில் உட்கார வைத்தார்கள். வாழைப்பழம் கையிலேயே இருந்தது. விளக்கை மறுபடி ஏற்றினார்கள்.

பத்து அடிக்க இருபது நிமிஷம் இருக்கும்போது நெடுவயலில் நுழைந்தார்கள். பந்தல் வாசலில் ஏட்டையா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் துரைசிங்கம், பட்டு வேட்டி கட்டி, சீப்பை எடுத்துத் தலையை வாரிக்கொண்டிருந்தான். வாரி முடித்துவிட்டு மறுபடி வாரினான்.

மொக்கையன் கம்பத்தைப் பந்தல் முற்றத்தில் ஊன்றினான். ஒச்சப்பன் சுற்றினான். ஏட்டையா கண்ணைச் சுருக்கிக்கொண்டு முப்பது வருஷப் பழக்கத்தோடு தேடினார். கை நீட்டியிருந்தது. மணி அடித்தது. விளக்கு எரிந்தது. கேரியரில் யாரும் இல்லை. இலந்தை முள்ளைப் பார்த்து, "இடது பக்கமாத்தான் வந்தீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

"ரோட்டை மிதிக்கவே இல்லைங்க" என்றார் சடையாண்டி.

ஏட்டையாவுக்கு விசில் ஊத ஒரு காரணமும் கிடைக்கவில்லை. அது அவருக்கு வருத்தம்தான். "சரி, மாப்பிள்ளை இறங்கி வரட்டும்."

"இன்னும் இருபது நிமிஷம் ஆகணுங்க."

பத்து மணி ஆனது. பந்தலே திரும்பிப் பார்த்தது. மேளக்காரர் குச்சியை ஓங்கினார். ஒச்சப்பன் இறங்கவில்லை.

"மாமா, எப்படி இறங்கணும்?" என்று கேட்டபடி கடந்து போனான்.

சடையாண்டி வீரணனைப் பார்த்தார். வீரணன் மொக்கையனைப் பார்த்தான். மொக்கையன் கம்பத்தைப் பார்த்தான்.

"சூறாவளி எப்படி இறங்கினாரு?"

"பார்க்கலையேண்ணே. மழை வந்துச்சு, ஓடிட்டோம். திரும்பி வந்தா இறங்கியிருந்தாரு."

"அப்ப..." சடையாண்டி மெதுவாக வானத்தை அண்ணாந்து பார்த்தார். "மழை வந்தாத்தான் இறங்க முடியும்."

வைகாசி வெயில் பந்தல் ஓலையைப் பொசுக்கிக்கொண்டிருந்தது. பஞ்சுத் துண்டளவுகூட மேகம் இல்லை. நாலு பேரும் வானத்தைப் பார்த்தார்கள். ஒச்சப்பன் சுற்றிக்கொண்டே பார்த்தான். பத்தே கால் ஆயிற்று. "மருமகனே, கையைக் காலைக் கழுவிட்டு வா" என்று ஏட்டையா துரைசிங்கத்திடம் சொன்னார். ஒச்சப்பனின் மணிச் சத்தம் அடங்கிப்போனது. ஆட்களைக் கண்டும் அவன் மணி அடிக்காதது அந்த ஒரு தடவைதான். பார்க்க எனக்கே பாவமாக இருந்திருக்கும்.

மணவறையில் இருந்த பஞ்சவர்ணம் எழுந்து வந்தாள். கழுத்தில் மாலை, கையில் நிறைகுடம். "என்ன வேணுமாம்?" என்று சடையாண்டியைக் கேட்டாள்.

"மழை வேணும், தாயி."

அவள் ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு குடத்தைத் தூக்கி, கடந்து போன ஒச்சப்பன் தலையில் கொஞ்சம் ஊற்றினாள்.

"இது குளிக்கிற தண்ணி" என்றார் சடையாண்டி, மரியாதையாக. "ஏழு நாளும் ஊத்தினோம். மழை வேற."

"மழைன்னா எப்படி இருக்கும்?"

"எல்லாரும் ஓடணும்."

பஞ்சவர்ணம் குடத்தை இடுப்புயரம் தூக்கி ஒரு சுழற்றுச் சுழற்றினாள். ஏட்டையா மேல் விழுந்தது, மேளக்காரர் மேல் விழுந்தது, வாரி முடித்த துரைசிங்கத்தின் தலையில் முழுசாக விழுந்தது. பட்டுப் புடவைக்காரிகள் வீல் என்று கத்திக்கொண்டு ஓடினார்கள். அவர்கள் ஓடுவதைப் பார்த்து மற்றவர்கள் ஓடினார்கள். சடையாண்டியும் வீரணனும் மொக்கையனும் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் ஓடினார்கள்.

திரும்பி வந்து பார்த்தால் ஒச்சப்பன் தரையில் நின்றுகொண்டிருந்தான். பக்கத்தில் சைக்கிள் ஸ்டாண்டு போட்டு நின்றது. எப்படி இறங்கினான் என்பதை யாரும் பார்க்கவில்லை.

பத்து இருபத்தெட்டுக்குத் தாலி ஏறியது. வாழைப்பழத்தை வாங்கி வைக்கத்தான் நேரம் இருந்தது. சிம்பை அவிழ்க்க நேரமில்லை. விறைத்த கையோடேயே மூணு முடிச்சும் போட்டான். அக்கினியை வலம் வரச் சொன்னபோது மட்டும் அவன் ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. இவ்வளவு ஒழுங்காக வலம் வந்த மாப்பிள்ளையை நான் பார்த்ததே இல்லை என்று ஐயரே சொன்னாராம்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். பஞ்சவர்ணம் திங்கட்கிழமை வேலைக்குப் போகாமல் இருந்திருந்தால் முடிந்தும் இருக்கும்.

திங்கட்கிழமை காலையில் கரட்டுக்குடிப் புது மருமகள் முதன்முதலாகச் சைக்கிள் எடுக்கிறாள் என்று கண்மாய்க் கரையில் ஊரே கூடியது. அவள் ஏறினாள். மிதித்தாள். தார் ரோட்டில் நேராகப் போனாள். போய்க்கொண்டே இருந்தாள். பனைமரத்துக்கு அந்தப் பக்கம் புள்ளியாகி மறைந்துபோனாள்.

ஊரே வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துப் பனைமரத்தையே பார்த்துக்கொண்டு நின்றது.

"திரும்பவே இல்லையேண்ணே" என்றான் வீரணன் கடைசியில்.

"பெரிய வட்டமா இருக்கும்" என்றான் மொக்கையன், நல்ல மனசோடு. "ஊரையே சுத்தி மேற்கால வந்து சேருவா."

நாலு பேரும் சொம்பில் மோரோடு ஊருக்கு மேற்கே போய் மத்தியானம்வரை வெயிலில் நின்றார்கள். பஞ்சவர்ணம் போன வழியிலேயே கிழக்கிலிருந்து திரும்பி வந்து, சைக்கிளை நிறுத்திவிட்டு உலை வைத்துக்கொண்டிருக்கிறாள் என்று யாரோ வந்து சொன்னார்கள். செவ்வாய்க்கிழமையும் பார்த்தார்கள், புதன்கிழமையும் பார்த்தார்கள். நேராகப் போகிறாள், நேராக வருகிறாள். ஒரு தடவைகூட வட்டம் விழவில்லை.

வியாழக்கிழமை நாலு பேரும் நெடுவயலுக்கு நடந்தார்கள். ஏட்டையா வாசலில் உட்கார்ந்து விசிலைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நாங்க சண்டைக்கு வரலைங்க" என்று ஆரம்பித்தார் சடையாண்டி. முகத்தில் அவ்வளவு துக்கம். "எங்க பையனுக்குச் சைக்கிள் தெரிஞ்சாத்தான் பொண்ணுன்னு கண்டிஷனாச் சொன்னீங்க. நாங்களும் மானத்தோட ஓட்டிக் காட்டினோம். ஆனா நீங்க ஒரு விஷயத்தை மறைச்சுட்டீங்க, ஏட்டையா."

"என்னத்தைய்யா மறைச்சேன்?"

"உங்க பொண்ணுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாதுங்கறதை."

ஏட்டையா கையிலிருந்த விசில் கீழே விழுந்து உருண்டது. அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், வார்த்தை வரவில்லை. அதை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டு சடையாண்டி தலையை ஆட்டினார்.

ஒச்சப்பன்தான் முன்னால் வந்து மாமனாரின் கையைப் பிடித்துக்கொண்டான். "விடுங்க மாமா, மனசு கஷ்டப்படாதீங்க. எனக்கு அவமேல ஒரு குறையும் இல்லை. உசுரு மாதிரி வெச்சுக்குவேன். கம்பம் நட்டாச்சு, நாளைக்கு வெள்ளிக்கிழமை, ஏழே நாள்ல நானே பழக்கிருவேன்."

"இதை அவகிட்டச் சொன்னியாய்யா?" என்றார் ஏட்டையா, ஈனக் குரலில்.

"காலையிலேயே சொல்லிட்டேன் மாமா. சிரிச்சுக்கிட்டே ஏறிப் போயிட்டா" என்றான் ஒச்சப்பன். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான். "பாவம், இன்னிக்கும் நேராத்தான் போனா."